தூரத்தில் வந்த கார்

செருப்புப் பெட்டியின் மூடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சன்னல் வெட்டி எடுத்தால், அதுதான் எங்கள் சித்திர வகுப்பின் முதல் கருவி. பென்சிலும் தாளும் அதற்குப் பிறகுதான். கடைவீதியில் செருப்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர், தம் மகன் என்னிடம் படித்த காரணத்தால், வெறும் பெட்டிகளை எனக்காக எடுத்து வைப்பார். "சேர், ஒங்க வகுப்புக்குப் பொட்டி வேணும்டுதான் நான் செருப்பே விக்கிறேன்" என்று கேலி செய்வார். அந்த மூடிச் சட்டத்தை முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். உலகம் முழுவதையும் வரைய முடியாது, இதற்குள் அடங்குவதை மட்டும் வரையுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஒருநாள் நானே அதற்குள் வசமாக அகப்பட்டுக்கொண்டேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் செருப்புக்கடைக்குப் போனால், பெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திம்புள்ளப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். ஒரு கடைவீதி, ஒரு ரயில் நிலையம், சுற்றிலும் தேயிலை மலைகள். நகரத்து வணிகர்கள் சேர்ந்து நடத்திய பாடசாலையில் மேல் வகுப்புகளுக்கு நான் சித்திர ஆசிரியர். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த புதிது. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "கண்டிப் பக்கம்" என்பேன். பயிற்சிக்காலத்தில் கண்டியில் ஓர் அறையில் தங்கியிருந்தேன் என்பதால் அது முழுப் பொய் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் பிறந்தது நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். தொழிலாளர் குடும்பங்களை வரிசையாக அடைத்து வைக்கும் அந்தத் தகரக்கூரைக் கட்டடத்தில், கடைசி அறை எங்களுடையது. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இதையெல்லாம் ஆசிரியர் அறையில் நான் மூச்சுவிட்டதில்லை. அட்டன் கடைவீதியில் பழைய கோட் ஒன்று வாங்கி, கிழிந்திருந்த முழங்கையில் தோல் ஒட்டுப்போட்டு, வெயிலானாலும் மழையானாலும் அதைக் கழற்றாமல் திரிந்தேன். அந்தக் கோட் இருக்கும்வரை என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று ஒரு நம்பிக்கை.

என் பாடங்களிலேயே எனக்குப் பிடித்தது 'தூரமும் கிட்டமும்'. கிட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும். தந்திக் கம்பங்கள் போகப்போகக் குட்டையாகும், தண்டவாளங்கள் இரண்டும் கண்ணுக்கெட்டாத இடத்தில் ஒன்றுசேரும். கடைவீதிப் பிள்ளைகள் இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். தோட்டத்திலிருந்து நடந்து வந்து படித்த சில பிள்ளைகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் நின்று பார்த்தால், எதிர்மலை உச்சியில் துரையின் பங்களா நகக்கண் அளவுக்குத் தெரியும். தோட்டத்தையே ஆளும் வெள்ளைக்கார அதிகாரியின் வீடு அது. முற்றத்துக்குக் கீழேயே, கல்லெறிந்தால் விழும் தூரத்தில், லயங்கள். அந்தக் காட்சியை வரையச் சொன்னால் தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவர் தவறாமல் பங்களாவைத் தாளின் பாதிக்கு வரைந்தார்கள். அதன் சன்னல்களுக்குத் திரைச்சீலைகூடப் போட்டார்கள். லயத்தைக் கீழே ஓரத்தில் ஒரு கோடாக இழுத்துவிட்டார்கள். சட்டம் வைத்துப் பார்க்கச் சொன்னேன், பென்சிலை நீட்டிக் கட்டைவிரலால் அளக்கச் சொன்னேன். எத்தனை தடவை அளந்தாலும் அந்தப் பங்களா சிறுக்க மாட்டேன் என்றது.

அவர்களில் ஒரு பெண் வாய்விட்டே கேட்டாள்.

"பங்களா பெருசுதானுங்களே சேர்? தூரத்துல இருந்தா சின்னதாயிருமா?"

"ஆகாது. ஆனா கண்ணுக்குச் சின்னதாத்தானே தெரியுது? கண்ணு பாக்கிறத வரையணும். மனசு சொல்றத வரையக்கூடாது" என்றேன்.

சொல்லிவிட்டுச் சிவப்புப் பென்சிலால் அவளுடைய பங்களாவின் மேல் ஒரு பெருக்கல் குறியும் போட்டேன். வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அவள் தாளை வாங்கிக்கொண்டு, என்னையும் எதிர்மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒத்துக்கொண்ட முகமாக அது தெரியவில்லை.

ஆசிரியர் அறையில் அவளைக் கவ்வாத்துக்காரர் மகள் என்பார்கள். அவளுடைய அப்பா பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். உயர்ந்துவிட்ட செடியை வளைந்த கத்தியால் முழங்காலளவுக்குத் தறித்து மறுபடி தளிர்க்க விடுவது அந்த வேலை. அந்தக் கை வாகு மகளுக்கும் வந்திருந்தது. ஒரு கோட்டை அழித்து அழித்து வரைய மாட்டாள், ஒரே இழுப்பு. நான் அறிந்தவரை அப்படியொரு கை அந்தப் பாடசாலைக்கு அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

பாடசாலையின் வருடாந்தச் சித்திரக் கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவளுடைய அப்பா என்னைத் தேடி வந்தார். வகுப்பறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"வாத்தியாரய்யா கோவிச்சுக்கக்கூடாது. புள்ளய நிப்பாட்டிக்கலாம்னு இருக்கேனுங்க. அவளுக்குப் பேர் பதியச் சொல்லிக் கிளாக்கரையா சொல்லிட்டாரு. வேலைக்கு ஆகுற கையி வூட்டுல சும்மா இருந்தா, காம்பிராவ விட்டுட்டுப் போன்னு சொல்லுவாங்க."

பேர் பதிவது என்றால் தோட்டத்து ஆளாகிவிடுவது. விடிந்தால் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போக வேண்டியதுதான். காம்பிரா, அவர்கள் ஆறு பேர் படுத்தெழும்பிய அந்த ஒற்றை லயத்து அறை. நான் அவரை மன்றாடினேன் என்றே சொல்ல வேண்டும். கண்காட்சியில் முதற்பரிசு வாங்கினால், வணிகர் சங்கமே அவளைக் கடைசி வகுப்புவரை படிக்க வைக்கும் என்றேன். அதுவரை பொறுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"படம் கீறினதுக்கா?" என்று கேட்டு, நான் விளையாடுகிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரிங்க, பாப்போம். கெடைக்கலேன்னா கூடைய மாட்டிற வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கண்காட்சிக்காகத்தான் வகுப்பை வெளியே அழைத்துப் போனேன். பக்கத்துத் தோட்டத்து ரோட்டோரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒன்று இருந்தது. நாலு பக்கமும் திறந்த கொட்டகை. பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்ததால் நான் குடையை விரித்துப் பிடித்து ரோட்டின் நடுவில் நின்று பாடம் நடத்தினேன். ரோடு நேராக ஓடி, தூரத்தில் ஒரு திருப்பத்தில் மலைக்குப் பின்னால் மறையும். இரண்டு பக்கமும் தேயிலை வரிசைகள். தூரமும் கிட்டமும் பாடத்துக்கென்றே யாரோ வெட்டி வைத்த ரோடு மாதிரி இருந்தது. எனக்கு உற்சாகம் பொங்கியது. அப்போது அந்தத் திருப்பத்தில் துரையின் கறுப்புக் கார் வந்தது. அவ்வளவு தூரத்தில் அது ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

"அந்தா பாருங்க, கார் எவ்வளவு சின்னதா..." என்று தொடங்கினேன். முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்வதா, என் உடம்பு செய்தது என்று சொல்வதா என்று இன்றைக்கும் தெரியவில்லை. பார்த்தால் நான் ரோட்டில் இல்லை. கான் என்று நாங்கள் சொல்லும் ரோட்டோரத்து வடிகாலுக்குள், ஓடும் மழைத்தண்ணீரில் சப்பாத்து முழுக நின்றுகொண்டிருந்தேன். குடை மடங்கிக் கக்கத்துக்குப் போயிருந்தது. தலை குனிந்திருந்தது, முதுகும் சேர்ந்து குனிந்திருந்தது. துரை வரும்போது தொழிலாளி ரோட்டில் நிற்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது. சின்ன வயதில் அப்பா என் பிடரியில் கைவைத்து அழுத்தி அழுத்திப் பழக்கியது அது. பயிற்சிக் கல்லூரியும் கோட்டும் கண்டிப் பக்கமும் அந்தக் கையை எடுத்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கார் அவசரமில்லாமல் வந்தது. அது வந்து கடந்து போகும்வரை நான் நனைந்துகொண்டே நின்றேன். துரை என்னைப் பார்த்தாரா என்றுகூடத் தெரியாது. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் போன பிறகு மேலே ஏறி வந்தேன்.  கடைவீதிப் பையன் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், "சேரும் தோட்டமாடா?" என்று கேட்டது என் காதில் நன்றாகவே விழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் தாள்களைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள், எனக்காக அவர்கள் வெட்கப்பட்டார்கள். கவ்வாத்துக்காரர் மகள் ஒருத்திதான் செருப்புப் பெட்டிச் சட்டத்தைக் கண்ணிலிருந்து இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணு பாக்கிறத வரையணும் என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

அடுத்த கிழமை அவள் படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். துணிக்கடையில் சிப்பம் கட்டி வரும் பழுப்புத் தாளில் வண்ணம் தீட்டியிருந்தாள். ரோட்டின் இரு கரைகளும் திருப்பத்தில் பிசகாமல் கூடின. தேயிலை வரிசைகள் அளந்து வைத்ததுபோல் சிறுத்துக்கொண்டே போயின. கார் அந்தத் திருப்பத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது. பங்களாவும் உச்சியில் நகக்கண் அளவுக்குத்தான் இருந்தது. முன்னால், தாளின் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு, கானுக்குள் ஒரு மனிதன். முகம் தெரியவில்லை, குனிந்த முதுகுதான் தெரிந்தது. கக்கத்தில் மடக்கிய குடை. முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட கோட்.

"காரு இப்ப சரியா இருக்குங்களா சேர்?" என்று கேட்டாள்.

குறும்பு இருக்கிறதா என்று அவள் முகத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. சரியா இருக்கு என்று சொல்லத்தான் முடிந்தது. சிவப்புப் பென்சிலுக்கு அதில் வேலையே இல்லை. அவ்வளவு சின்னக் காருக்கு அவ்வளவு பெரிய மனிதன் அப்படிக் குனிந்து நின்றதுதான் அந்தப் படத்தில் இருந்த ஒரே தவறு, அதை அவள் செய்யவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் படத்தைக் கண்காட்சிக்கு வைக்காமல் விடக் காரணம் தேடினேன். தாள் மட்டமானது எனலாம். வண்ணம் திட்டுத்திட்டாக இருக்கிறது எனலாம். ஆனால் அதைவிட நல்ல படம் அவளிடம் இல்லை, பாடசாலையிலும் இல்லை. அதை ஒளித்தால் அவள் கூடையை மாட்டிக்கொள்வாள். மறுநாள் தலைமை ஆசிரியரிடம் காட்டினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதை நடுவிலை மாட்டுங்கோ மாஸ்டர். பேந்து பரிசை வேற எதுக்குக் குடுக்கிறது?" என்றவர், என் முழங்கையை ஒருதரம் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாகரிகத்துக்காக நான் அவரை மனதுக்குள் கும்பிட்டேன்.

பரிசு கொடுக்க வருவது அந்தத் துரைதான். பாடசாலையின் புது மண்டபத்துக்கு மரம் கொடுத்தவர் அவர். படத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வரும், பரிசு இல்லை என்பார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அப்படிச் சொன்னால் பதில் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பேச்சைத் தயார்செய்து, குளிக்கும்போதும் நடக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். கலைக்கு உண்மைதான் பெரிது என்று தொடங்கி, மனித கௌரவம் என்று முடியும் பேச்சு. கானுக்குள் இறங்கியதற்கு அந்தப் பேச்சால் ஈடுகட்டிவிடலாம் என்று எனக்கொரு ஆசை. அவர் மட்டும் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

துரை வந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அதன் முன்னால் நின்றார். முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த ஆள் நல்ல மரியாதை தெரிஞ்ச ஆள்" என்று தோட்டத்துத் தமிழில் சொன்னார். தோட்டத்துத் துரைமார்களுக்கு நீங்க, வாங்க தெரியாது, அவர்கள் கற்ற தமிழில் அது கிடையாது. "இப்ப எல்லாம் இந்த மாதிரி ஆள் இல்லை. யார் வரைஞ்சது?"

அவளை முன்னால் விட்டார்கள். அவர் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். பிறகு படத்தில் இருந்தவனின் கோட்டையும், பக்கத்தில் கைகட்டி நின்ற என் கோட்டையும் பார்த்தார். சிரித்தார்.

"ஓ! நீதானா? நீ எந்தத் தோட்டம்?"

சுற்றிலும் ஆசிரியர்கள், கடை முதலாளிகள், பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள். கவ்வாத்துக்காரரும் வெள்ளைச் சட்டை போட்டு ஓர் ஓரத்தில் நின்றார். என் ஆங்கிலப் பேச்சு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நோட்டன் பிரிட்ஜ் பக்கங்க, தொரைங்க" என்றது என் வாய்.

அந்தக் குரலும் என்னுடையதல்ல, என் அப்பாவினுடையது. கண்டிப் பக்கம் அன்றோடு முடிந்தது. துரைக்குப் பதில் திருப்தி. முதற்பரிசு இந்தப் படத்துக்குத்தான் என்றார். பங்களாவில் மாட்ட இது தனக்கு வேண்டும் என்றார். பெரிய கிளாக்கரிடம் தானே சொல்வதாகவும், பெண் பேர் பதிய வேண்டாம், படிக்கட்டும் என்றும் சொன்னார். கவ்வாத்துக்காரர் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார். அவருடைய கண்கள் நிரம்பிவிட்டன.

அவள் மட்டும் அசையவில்லை. படத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, "சேர்?" என்றாள். கொடுக்கட்டுமா என்று கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். கொடுத்தால் நான் அந்தக் கானிலிருந்து ஒருநாளும் ஏறப்போவதில்லை. கொடுக்காவிட்டால் அவள் படிக்கப்போவதில்லை.

"குடுத்துரும்மா" என்றேன்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்துக் கடைவீதியில் மீன் வாங்கப் போன இடத்தில் பங்களாவின் சமையல்காரர் என்னைக் கண்டுகொண்டார். நல்ல மனிதர், பேச்சில் கள்ளம் இல்லாதவர். "வாத்தியாரய்யாவ நான் தெனமும் பாக்குறேனுங்களே!" என்றார். "சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலதான் மாட்டியிருக்கு. நாந்தான் தூசி தட்டுறேன். விருந்துக்கு வர்ற தொரைமாருக்கெல்லாம் கையக் காட்டிச் சொல்லுவாருங்க, எல்லாரும் சிரிச்சிச் சிரிச்சிச் சாப்புடுவாங்க. ஒங்களுக்குப் பெரிய பேருங்கய்யா." மீன்காரர் எனக்கு நல்ல துண்டாக எடுத்துப் போட்டார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சமைத்தேன், சாப்பிட முடியவில்லை.

இப்போது அந்த ரோட்டில் பஸ் ஓடுகிறது. கார் வந்தால் யாரும் கானுக்குள் இறங்குவதில்லை, கார்தான் ஆட்களைச் சுற்றி வளைந்து போகிறது. என் பேரப்பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "ஏன் தாத்தா, ரோடு அவ்வளவு ஒடுக்கமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். 

அவள் கடைசி வகுப்புவரை படித்தாள். பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்து தேறினாள். அறுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை வேலை கிடைத்து, அதைச் சொல்ல ஒரு மாலையில் என் வீட்டுக்கு வந்தாள். சேலை கட்டியிருந்தாள். கடையில் வாங்கிய லட்டுப் பொட்டலத்தை நீட்டினாள். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். வேலை, சம்பளம், அப்பாவின் இருமல் என்று பேசிக்கொண்டிருந்தோம். கோப்பையை வைத்துவிட்டு எழுந்தவள் வாசலில் நின்றுவிட்டாள்.

"சேர், எம்மேல கோவமுங்களா?"

"எதுக்கும்மா?"

"அந்தப் படத்த நான் குடுத்திருக்கக்கூடாது. நீங்க சொன்னாலும் குடுத்திருக்கக்கூடாது. அதுல இருந்தது நீங்கன்னு எனக்குத் தெரியும், அவங்க என்னா செய்வாங்கன்னும் தெரியும். தெரிஞ்சிக்கிட்டேதான் குடுத்தேன். ஒங்கள அங்க தொங்க விட்டுட்டுத்தான் சேர் நான் படிச்சேன். ஒவ்வொரு பரீட்சை எழுதுறப்பவும் வெக்கமா இருக்கும்."

 அந்த வெட்கம் என்னுடையது, எனக்கு மட்டுமே உரியது என்று இத்தனை நாளும் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அதில் பாதியை ஒரு சின்னப் பெண் தூக்கிச் சுமந்துகொண்டு பரீட்சை எழுதியிருக்கிறாள். நீ செய்தது சரி என்று சொன்னேன், நான்தானே கொடுக்கச் சொன்னேன் என்று சொன்னேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டு நின்றாள். நம்பவில்லை. அவளும் நானும் வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றுகொண்டிருந்தோம். இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்மலை உச்சியில் பங்களாவில் விளக்கு ஏற்றினார்கள். துரை சாப்பிட உட்காரும் நேரம்.